மகள் வகுப்பில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல்: அவள் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

மருதாணி எழுதியது:

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம், மகள் ஒன்பதாம் வகுப்பு. இந்தப் பருவத்தில் ஆங்கில வகுப்பில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நடத்துகிறார்கள். 1930-களில் அலபாமா மாநிலத்தின் மேகோம் என்ற ஊரில் நடக்கும் கதை. அவளோடு சேர்ந்து நானும் படித்துக்கொண்டு வருகிறேன். மயெல்லா என்ற வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சன் குற்றவாளி என்று தீர்ப்பு வரும் அத்தியாயத்தை முடித்ததிலிருந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அடிபட்டது மயெல்லாவின் முகத்தில் வலது பக்கம், டாமுக்குச் சிறு வயதிலேயே இயந்திரத்தில் மாட்டி இடது கை செயலிழந்துவிட்டது, மயெல்லாவின் அப்பாவுக்கோ இடது கைப் பழக்கம், இதெல்லாம் நீதிமன்றத்தில் எல்லோர் கண் முன்னாலும் தெரிந்த பிறகு பன்னிரண்டு பேர் உட்கார்ந்து யோசித்து எப்படி அந்தத் தீர்ப்பைச் சொன்னார்கள், பன்னிரண்டு பேருமே கெட்டவர்களா, இல்லை சட்டமே அப்படித்தான் இருந்ததா என்கிறாள். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவது சுலபம். பதினான்கு வயதுப் பிள்ளை நியாயம் கேட்கும்போது அதைப் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வரலாறு நான் படித்த பள்ளியில் கிடையாது, அதனால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, வகுப்பில் நடப்பது. மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சத்தமாக வாசிக்கிறார்கள். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் நாவல் முழுக்க வருகிறது இல்லையா, சிலர் அதை விட்டுவிட்டுப் படிக்கிறார்கள், சிலர் வேண்டுமென்றே அழுத்திப் படித்துவிட்டு அக்கம்பக்கம் பார்க்கிறார்களாம். வகுப்பில் கறுப்பினப் பையன் ஒருவன்தான். ஒவ்வொரு தடவையும் எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்புகிறது. ஒருநாள் ஆசிரியரே ‘இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று அவனைக் கேட்டிருக்கிறார். மகளுக்கு அவன் நெருங்கிய நண்பன் கிடையாது, ஆனாலும் அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறாள். நான் ஆசிரியருக்கு எழுதலாமா? ஊரை விட்டு வந்தவர்கள் நமக்கு எதற்கு என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு அப்படி விட முடியவில்லை.

கடைசியாகக் கட்டுரை. ‘அட்டிகஸ் ஃபின்ச் ஒரு ஹீரோவா?’ என்பதுதான் தலைப்பு. டாமுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர்தான் அட்டிகஸ். காரணம் சொன்னால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமாம். எல்லோரும் அட்டிகஸைப் பற்றியே எழுதப் போகிறார்கள், செத்தது டாம் அல்லவா என்பது இவள் வாதம். எனக்கும் அது சரியாகப் படுகிறது, ஆனால் எதை வைத்து எழுதுவது என்று பிடி கிடைக்கவில்லை.

கரும்பலகை எழுதியது:

இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன், இந்த நாவலையும் பல வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். வகுப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரைக்கு இன்னும் நாள் இருக்கும், அந்தப் பையன் நாளைக்கும் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

தயங்காமல் எழுதுங்கள். புத்தகம் வேண்டாம் என்று எழுதாதீர்கள், குற்றச்சாட்டாகவும் வேண்டாம். மகள் இந்த நாவலை விரும்பிப் படிக்கிறாள், வீட்டிலும் பேசிக்கொள்கிறோம் என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிப்பதைத் தவிர்க்க வகுப்புக்கு ஒரு விதி வைக்க முடியுமா என்று கேளுங்கள். அச்சில் இருப்பது அப்படியே இருக்கட்டும், அதை மறைத்து அந்தக் காலத்தை நல்லதாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் கண்ணால் படிப்பதும் முப்பது பேர் நடுவில் ஒரு குரல் அதைச் சொல்வதும் ஒன்றல்ல. நான் முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுவேன்: அந்த இடம் வந்தால் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அழுத்திப் படித்து அக்கம்பக்கம் பார்க்கிற பிள்ளைக்கும் அதோடு அந்த வாய்ப்பு போய்விடும்.

அந்தப் பையனைத் தனியாகக் கேட்டது பற்றி. ஆசிரியர் அக்கறையோடுதான் கேட்டிருப்பார். ஆனாலும் அந்தக் கேள்வி அவனை மாணவன் என்ற இடத்திலிருந்து எழுப்பிச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. ஒரு இனத்துக்கே பேச வேண்டிய பொறுப்பை அந்த வயதில் யார் தலையிலும் வைக்கக் கூடாது. கேள்வியை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, எழுதித் தரச் சொன்னால் போதும், சொல்ல நினைப்பவன் எழுதுவான், விரும்பாதவன் வேறு எதையாவது எழுதுவான். உங்கள் மகளும் அவள் அளவில் ஒன்று செய்யலாம், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சங்கடம் வருகிறது என்று புத்தகத்தையே எடுத்துவிட்ட இடங்களும் உண்டு. 2017-இல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி நகரில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்த நாவலை நீக்கினார்கள், பெரிய எதிர்ப்பு வந்த பிறகு பெற்றோர் அனுமதியோடு படிக்கலாம் என்று ஆக்கினார்கள். எடுத்துவிட்டால் சங்கடம் போகும், கூடவே அந்த வரலாற்றைப் பேசுகிற ஒரு வாய்ப்பும் போய்விடும். குறை நடத்தும் விதத்தில் இருந்தால் மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

சரி, கட்டுரை. பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதையைச் சொல்லும் அட்டிகஸின் மகள் ஸ்கௌட்டுக்கு முதல் நாளே பள்ளி பிடிக்காமல் போகிறது, வீட்டிலேயே படிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஆசிரியை மிஸ் கேரோலைன் கோபித்துக்கொள்கிறார். வாசகர்களும் சிரித்துக்கொண்டே படித்துவிட்டுப் போகிறோம். இதையே 12-ஆம் அத்தியாயத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டிகஸ் வீட்டில் சமைக்கும் கறுப்பினப் பெண் கல்பூர்னியா அவர் பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே பாட்டுப் புத்தகம் இல்லை. அவள் மகன் ஸீபோ ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுத் திருப்பிப் பாடுகிறார்கள். அந்தச் சபையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் அளவுதான், ஸீபோ சிறுவனாக இருந்தபோது அவனுக்குப் போக ஒரு பள்ளியே இல்லை, கல்பூர்னியாதான் பைபிளையும் பிளாக்ஸ்டோன் எழுதிய பழைய சட்டப் புத்தகத்தையும் வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சட்டப் புத்தகத்தில் எழுத்துப் பழகிய ஒரு கறுப்பின மனிதர் அந்த ஊரில் குப்பை அள்ளும் வண்டி ஓட்டுகிறார், அவரால் ஜூரியில், அதாவது தீர்ப்புச் சொல்லும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக, உட்கார முடியாது. நாவல் இதைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. ஒரு பெண் பள்ளிக்குப் போவது பிடிக்காமல் அழுகிறாள், அதே ஊரில் இன்னொரு கூட்டத்துக்குப் பள்ளியே கிடையாது. இதை எடுத்து எழுதினால் அதுவே ஒரு கட்டுரை.

26-ஆம் அத்தியாயத்தையும் விடக் கூடாது. மிஸ் கேட்ஸ் என்ற ஆசிரியை ஹிட்லர் யூதர்களை நடத்தும் விதம் எவ்வளவு கொடுமை என்று வகுப்பில் பாடம் எடுக்கிறார், நம் நாட்டில் ஜனநாயகம் இருக்கிறது என்று பலகையில் எழுதுகிறார். அதே ஆசிரியை தீர்ப்பு வந்த ராத்திரி நீதிமன்றப் படியில் இறங்கும்போது கறுப்பின மக்களுக்கு இப்படி ஒரு பாடம் தேவைதான் என்று பேசியதை ஸ்கௌட் கேட்டிருக்கிறாள். ஒரே மனுஷி எப்படி இரண்டையும் மனமாரச் சொல்கிறார் என்பது ஸ்கௌட்டுக்குப் புரியவில்லை. உங்கள் மகள் கேட்கும் ‘கெட்டவர்களா’ என்ற கேள்விக்கும் இந்த இடம் உதவும். மிஸ் கேட்ஸ் தன்னைக் கெட்டவள் என்று நினைக்கவில்லை. அந்த ஜூரியில் இருந்தவர்களும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

வழக்காடி எழுதியது:

கரும்பலகை சார் மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். மகள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

1896-இல் ‘பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதி சமமாக இருந்தால் இரண்டு இனத்தாரையும் தனித்தனியாக வைப்பதில் தவறில்லை என்று தீர்ப்பளித்தது. லூசியானாவில் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்ததற்காகக் கைதான ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கு அது. அதற்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் பள்ளி, ரயில், பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் வரை எல்லாவற்றிலும் பிரிவினை சட்டமாகவே வளர்ந்தது. தனித்தனி என்பதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள், சமம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அலபாமாவின் 1901 அரசமைப்புச் சட்டத்திலேயே வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி என்று எழுதியிருந்தது. அதே சட்டம் வாக்களிக்க வரி, எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனைகள் போட்டது. அதற்கு முன்னால் வாக்களிக்கத் தகுதியோடு 1,80,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் அங்கே இருந்தார்கள், 1903-இல் பதிவில் மிஞ்சியவர்கள் 3,000-க்கும் குறைவு. மேலே சொன்ன ஸீபோவின் பள்ளியை இதோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளி தராமல் விட்டுவிட்டு எழுத்தறிவு இருந்தால்தான் வாக்கு என்று சொன்னால் ஆளை எந்தப் பக்கமும் நகர விடாமல் பூட்டியாகிவிட்டது.

ஜூரி விஷயம் இன்னும் நுட்பமானது. கறுப்பினத்தவர் ஜூரியில் உட்காரக் கூடாது என்று சட்டத்தில் எழுதினால் செல்லாது என்று 1880-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எழுதவில்லை. நேர்மையும் அறிவும் உள்ளவர் என்று ஊரில் பெயர் எடுத்த ஆண்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு, யாருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று முடிவு செய்யும் வேலையை வெள்ளை அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். தலைமுறைக் கணக்கில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

இது வெளியே வந்த வழக்கை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்கள் மேல் இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில் அடுத்த மாதமே விசாரணை, சில நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அவர்களில் இளையவனுக்கு வயது 13. பிறகு அந்த இரண்டு பெண்களில் ஒருவரே நீதிமன்றத்தில் வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார், அதன் பிறகும் ஜூரி குற்றவாளி என்றுதான் சொன்னது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, ஜூரி பதிவேட்டில் சில கறுப்பினத்தவர் பெயர்களைப் பின்னால் செருகி எழுதியிருப்பதாக வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ் சொல்ல, நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள். 1935 ஏப்ரலில் ‘நாரிஸ் எதிர் அலபாமா’ தீர்ப்பு வந்தது, கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து விலக்கியது செல்லாது என்று. அடுத்த ஜனவரியில் அதே வழக்கில் ஹேவுட் பேட்டர்சனை மறுபடி விசாரித்தபோது முடிவு சொன்ன ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் வெள்ளையர்கள், 75 ஆண்டு தண்டனை. அந்த ஒன்பது பேரில் மன்னிப்போ விடுவிப்போ கிடைக்காமல் மிச்சம் இருந்தவர்களுக்கு 2013-இல்தான் அலபாமா மன்னிப்பு வழங்கியது, அப்போது ஒருவர்கூட உயிரோடு இல்லை.

நாவலில் டாம் ராபின்சனின் விசாரணை நடப்பது 1935 கோடையில். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச் சில மாதம்தான் ஆகியிருக்கிறது, மேகோம் ஊரில் எதுவும் மாறவில்லை. அதனால் பன்னிரண்டு பேரும் கெட்டவர்களா என்ற கேள்விக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு பேரையும் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். கட்டுரைக்கு அது வலுவான ஆரம்பமாக இருக்கும்.

நூல்நிலா எழுதியது:

மருதாணி அக்கா, நான் அமெரிக்காவில்தான் பள்ளி முடித்தேன், இப்போது கல்லூரி. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கும் இதே நாவல்தான். இரண்டு பேர் சொன்னதிலும் நிறையக் கற்றுக்கொண்டேன், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, உங்கள் மகளும் அதைத்தான் வேறு மாதிரி சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையில் அநியாயம் நடப்பது கறுப்பின மக்களுக்கு, ஆனால் அதைப் பார்த்து மனம் மாறி வளர்வது வெள்ளைக் குழந்தைகள். தீர்ப்புக்குப் பிறகு அட்டிகஸ் வெளியே போகும்போது மேலே மாடத்தில் கறுப்பின மக்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், ஸ்கௌட்டையும் எழுந்து நிற்கச் சொல்கிறார் பாதிரியார் சைக்ஸ். வகுப்பில் பாதிப் பேர் அந்த இடத்தில் கண் கலங்கினார்கள். எனக்கு அங்கே தோன்றியது வேறு. அவர்களுடைய சொந்த மனிதனைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவர்கள் நினைப்பு அந்த நிமிஷம் டாமின் மனைவி ஹெலன் மேல் இருக்காதா, அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்? கதை நம்மை அங்கே கூட்டிக்கொண்டு போவதே இல்லை. ஆசிரியரும் போகச் சொல்லவில்லை. நல்ல வெள்ளை மனிதர் ஒருவர் போராடினார், தோற்றார், ஆனாலும் உயர்ந்தவர் என்று எழுதி எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினோம்.

டாம் நீளமாகப் பேசுகிற ஒரே இடம் அவனுடைய சாட்சியம். மயெல்லாவுக்கு ஏன் கூலி வாங்காமல் உதவினாய் என்று அரசு வழக்கறிஞர் கேட்க, அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறான். நீதிமன்றமே இறுகிப் போகிறது. அவன் மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டை விட இந்தப் பதில்தான் அவர்களைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் பரிதாபம் என்பது மேலே இருப்பவர் கீழே பார்த்துக் காட்டுவது, ஒரு கறுப்பினத்தவன் அதை ஒரு வெள்ளைப் பெண்ணுக்குக் காட்டலாமா என்பது அந்த ஊரின் கணக்கு. அக்கா, கட்டுரையில் டாமை வைத்து எழுத வேண்டும் என்றால் இந்த ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதலாம். உண்மையைச் சொல்ல அவனுக்கு இருந்த தைரியம் அட்டிகஸின் தைரியத்தை விடச் சின்னதா? அட்டிகஸ் தோற்றால் வீட்டுக்குப் போவார். டாம் சிறைப் பண்ணைக்குப் போகிறான், அங்கிருந்து தப்ப ஓடும்போது பதினேழு குண்டுகள்.

அப்புறம் இன்னொரு புத்தகம். மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’, 1976-இல் வந்தது, அடுத்த ஆண்டே சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. கதை நடப்பது 1933-இல் மிசிசிப்பியில், கிட்டத்தட்ட ஸ்கௌட்டின் காலம்தான், ஆனால் கதையைச் சொல்வது கேஸி லோகன் என்ற கறுப்பினச் சிறுமி. டெய்லர் தன் குடும்பத்தில் கேட்டு வளர்ந்த கதைகளிலிருந்து எழுதியவர். அதில் முதல் அத்தியாயத்திலேயே பள்ளி திறக்கிறது. கேஸியின் குட்டித் தம்பிக்கு, ஆறு வயது, முதல் தடவையாகப் பாடப் புத்தகம் கிடைக்கப் போகிறது என்று ஒரே சந்தோஷம். கைக்கு வருவதோ அழுக்கேறி நைந்துபோன புத்தகம். உள்ளட்டையில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது, எந்த ஆண்டு யாருக்குக் கொடுத்தது, புத்தகம் அப்போது எந்த நிலையில் இருந்தது, வாங்கிய மாணவர் எந்த இனம் என்று. வருஷா வருஷம் வெள்ளைப் பிள்ளைகள் கையில் தேய்ந்து, நிலை மிக மோசம் என்று எழுதும் கட்டத்துக்கு வந்த பிறகுதான் கறுப்பினப் பள்ளிக்கு வந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு அதைப் படிக்கத் தெரியும். புத்தகத்தைக் கீழே எறிந்து மிதிக்கிறான், ஆசிரியை பிரம்பை எடுக்கிறார். வழக்காடி சார் சொன்ன ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்பது எவ்வளவு பொய் என்று அந்த ஒரு அட்டவணையில் தெரிந்துவிடும்.

வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து இருக்கிறது, இவர்கள் நடக்கிறார்கள், மழை நாளில் அந்தப் பேருந்து வேண்டுமென்றே சேற்றை வாரி இவர்கள் மேல் அடித்துவிட்டுப் போகும். பருத்தி வேலைக்குக் கை வேண்டும் என்பதால் கறுப்பினப் பள்ளிகள் மற்றவர்களுக்குப் பிறகு திறந்து அவர்களுக்கு முன்னால் மூடும். லீயின் நாவலில் இது எதுவும் இல்லை, ஏனென்றால் ஸ்கௌட்டுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு நாவலுக்குத்தான் இடம் என்றால் நான் டெய்லரைத்தான் வைப்பேன்.

கரும்பலகை எழுதியது:

நூல்நிலா, நீங்கள் சொன்ன மாடத்துக் காட்சி பற்றி எனக்கும் இதே எண்ணம் உண்டு, என் வகுப்பில் அந்த இடத்தை அங்கே நிற்பவர்களில் ஒருவர் சொல்வதாகத் திருப்பி எழுதச் சொல்வேன். நன்றாக எழுதுகிறார்கள். ஹெலனாக எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அட்டிகஸின் பெயரைக்கூடக் குறிப்பிட மாட்டார்கள்.

ஆனால் லீயை எடுத்துவிட்டு டெய்லரை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே ஒரு ஊர் எப்படி அநியாயம் செய்கிறது என்பதை உள்ளே இருந்து காட்டுவது லீயின் நாவல். 24-ஆம் அத்தியாயத்தில் தேவாலயத்துப் பெண்கள் எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் மக்களுக்காக உருகுவார்கள், அதே மூச்சில் தீர்ப்புக்குப் பிறகு சமையல்காரிகள் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்கள் என்று குறைபடுவார்கள். அது டெய்லரின் கேஸிக்குத் தெரியாத வீட்டுக்குள். கேஸிக்குத் தெரிந்தது ஸ்கௌட்டுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்தில் ஒரே சாலையின் இரண்டு பக்கமும் தெரியும். முழு நாவலுக்கு நேரம் இல்லாவிட்டால் அந்த முதல் அத்தியாயத்தை மட்டுமாவது பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மருதாணி, ஆசிரியருக்கு எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டெய்லரின் கதையில் கேஸியின் அம்மாவும் ஆசிரியைதான். அந்த அட்டவணையின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். அடிமை முறையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இல்லாத உண்மைகளைச் சொல்லிக் கொடுத்ததற்காக வேலையே போகிறது. வகுப்பில் ஒரு வரலாற்றை நேராகச் சொல்வதற்கு என்ன விலை இருந்தது என்று ஆசிரியர்களாகிய நாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் வீடுகளில் இதைப் பேசினால் உடனே சாதியோடு ஒப்பிடுவோம். பேச வேண்டிய ஒப்பீடுதான். ஆனால் கட்டுரையில் வேண்டாம், முதலில் அலபாமாவை அலபாமாவாகவே புரிந்துகொள்ளட்டும், எந்தச் சட்டம், யார் போட்டது, எப்படி உடைந்தது என்று தெரிந்த பிறகு ஒப்பிட்டால்தான் இரண்டுக்கும் நியாயம் செய்ததாக இருக்கும்.

மருதாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆசிரியருக்கும் எழுதிவிட்டேன், அவர் நல்லபடியாகவே பதில் போட்டார், அந்தச் சொல்லை இனி வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்று வகுப்பில் சொல்லப் போவதாகவும், தனியாக ஒருவரைக் கேட்பது பற்றி யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

கட்டுரைக்கு ஸீபோவையும் டாமின் சாட்சியத்தையும் சேர்த்து ‘மேகோம் ஊரில் யாருடைய உண்மை செல்லுபடியாகும்?’ என்று தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு இரண்டு சந்தேகம். ஜூரியில் பெண்களே இல்லையே, மயெல்லாவுக்கு நடந்ததை ஒரு பெண்ணாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் வேறு மாதிரி யோசித்திருக்க மாட்டாளா என்கிறாள். அலபாமாவில் பெண்களுக்கும் அந்த உரிமை இல்லையா? அப்புறம், இந்த நாவல் வந்த நேரத்தில் அங்கே பள்ளிகள் ஒன்றாகிவிட்டதா?

வழக்காடி எழுதியது:

பெண்களுக்கும் இல்லை. நாவலிலேயே 23-ஆம் அத்தியாயத்தில் இந்தப் பேச்சு வருகிறது, அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது என்று அட்டிகஸ் பிள்ளைகளிடம் சொல்வார், மகள் அங்கிருந்தே மேற்கோள் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பெண்களுக்கு 1920-லேயே வாக்குரிமை வந்துவிட்டது, ஆனால் அலபாமாவில் ஜூரியில் உட்காரும் உரிமை 1966 வரை வரவில்லை. அந்த ஆண்டு ‘ஒயிட் எதிர் க்ரூக்’ வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம், பெண்களை விலக்கியதும் கறுப்பினத்தவரை விலக்கியதும் இரண்டும் செல்லாது என்று ஒரே தீர்ப்பில் சொன்னது. ஒரு பெண் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்பதில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கரும்பலகை சார் சொன்ன அந்தத் தேவாலயத்துப் பெண்களில் ஒருவரும் வந்து உட்கார்ந்திருக்கலாம் இல்லையா.

பள்ளிகள் ஒன்றாகவில்லை. தனிப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று 1954 மே மாதம் ‘பிரவுன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாவல் வந்தது 1960 ஜூலையில், புலிட்சர் பரிசு 1961-இல். அந்த நேரத்தில் அலபாமாவின் அரசுப் பள்ளி ஒன்றில்கூட கறுப்பினப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார முடியவில்லை. இடையில் 1956-இல் ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கும்பல் திரண்டு கலவரம் செய்தது, பாதுகாப்பு என்று காரணம் சொல்லிப் பல்கலைக்கழகம் அவரையே வெளியேற்றியது. ஹார்ப்பர் லீ சில ஆண்டு முன்பு படித்த அதே பல்கலைக்கழகம். 1963 ஜூனில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதன் வாசலில் வந்து நின்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு மாணவர்களைத் தடுத்தார், அதிபர் கென்னடி தேசியக் காவல் படையை வைத்து அவரை விலகவைத்த பிறகுதான் அவர்கள் உள்ளே போக முடிந்தது. அரசுப் பள்ளிகளில் முதல் சில கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்தது அந்த ஆண்டு செப்டம்பரில்.

ஆண்டுகளைக் கட்டுரையில் போடும்போது 1935 கதை நடக்கும் காலம், 1960 எழுதி வெளிவந்த காலம் என்று இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், நிறைய மாணவர்கள் அதைக் கலந்துவிடுகிறார்கள்.